துக்கம் விசாரிக்க மட்டும் போனோம்

சாவு வீட்டு வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "என்னதான் பிரச்சனையாம்?" கடன் என்பார் ஒருவர். காதல் என்பார் இன்னொருவர். மறுநாள் நாளிதழில் 'தீராத வயிற்று வலி' என்று வரும். காரணம் ஒன்று கிடைத்தால் போதும், எழுந்து வந்துவிடுகிறோம்.

2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்லி முடித்துவிட்டோம். ஒற்றைக் காரணத்தால் ஒருவர் அந்த முடிவுக்கு வருவது அரிது. மனச்சோர்வு, குடி, நோய், கடன், வீட்டுக்குள் விழும் அடி என்று பலவும் சேர்ந்து அழுத்துகின்றன. அவை நம் கண்ணெதிரேதான் சேர்ந்தன. "செத்துப்போயிடலாம்னு இருக்கு" என்றவரை "சும்மா உளறாதே" என்று அடக்கினோம். சொல்கிறவன் செய்யமாட்டான் என்று சமாதானம் செய்துகொண்டோம். மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து "எங்கயாவது போய்ச் சாவு" என்று கத்தியதும் நம் வீடுகளில்தான்.

இதைவிடப் பெரிய தவறு, பிழைத்து வந்தவர்களிடம் நாம் நடந்துகொண்ட விதம். முன்பு ஒருமுறை முயன்றவருக்குத்தான் மறுபடி ஆபத்து அதிகம் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாகச் சொல்லிவரும் பாடம். நாம் என்ன செய்தோம்? அரசு மருத்துவமனை வார்டில், சலைன் ஏறும் கையோடு படுத்திருக்கிறாள் ஒரு மருமகள். "தெரியாம நடந்துபோச்சு சிஸ்டர்" என்கிறார் மாமியார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த சித்தி, "ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்கிறார். அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மனநலப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது. 'பைத்தியம்னு பேரு வந்துடும்' என்று அந்தப் பக்கமே கூட்டிப்போவதில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கொள்ள வேண்டும், அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். நாமோ இன்னும் போலீஸ் கேசுக்குப் பயந்து மூடி மறைக்கிறோம். வீடு திரும்பிய பிறகு ஊரில் யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசுவதில்லை. நாகரிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது கைவிடுதல்.

இப்படிப் பிழைத்தவர்களிடம் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னையும் கொழும்பும் அதில் இருந்தன. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினரிடம் மருத்துவமனையிலேயே ஒரு மணி நேரம் பேசிவிட்டு, 18 மாதங்களில் ஒன்பது முறை, பயிற்சி பெற்ற ஒருவர் போன் செய்தோ நேரில் போயோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். முதல் பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 2008இல் வெளிவந்த முடிவு இது. வழி தெரியாமல் போனதாக இனி நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

எண்ணிப் பார்த்தால் கை கொடுத்தவை எல்லாமே எளிய காரியங்கள்தான். தேர்வில் தோற்ற பிள்ளை ஒரு வருடத்தை இழக்காமல் அதே ஆண்டு எழுத உடனடித் துணைத்தேர்வு வந்தது. இலங்கை, கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. அங்கே தற்கொலை விகிதம் 1995இன் உச்சத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சரிந்தது. இங்கே தமிழ்நாட்டில், காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முயற்சியை மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு செய்து காட்டியது. சாக வேண்டும் என்ற வேகம் பல நேரம் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்தச் சிறிது நேரத்தைக் கடக்க ஒரு பூட்டும் உதவும், ஒரு மனிதரும் உதவுவார்.

உங்கள் தெருவில் அப்படிப் பிழைத்து வந்தவர் இருந்தால் போய்ப் பாருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அடுத்த வாரமும் போங்கள், அடுத்த மாதமும் போங்கள். உதவிக்கு அழைக்க: டெலிமானஸ் 14416, சிநேகா 044-24640050. உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் தயங்காமல் கூப்பிடுங்கள்.