துருப்பை இறக்கும் முன்னே திட்டம்



சென்ற இதழில் பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏலம் கூறும் முறையைப் பார்த்தோம். அதைப் படித்த ஒரு தாய் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சம்பள நாளன்று அவர் வீட்டுக்காரர் சீட்டில் விட்டு வந்த பணத்துக்காக, மூன்று மாதம் கடைக்காரரிடம் அவர் தலைகுனிந்து நின்றாராம். "வாத்தியாரையா, குடும்பப் பத்திரிகையில் நீங்களே சீட்டைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போவது முறையாகாது.

அம்மா, பணம் வைத்து ஆடும் எந்த ஆட்டத்துக்கும் நான் எதிரிதான். லயத்துப் பின்புறத்தில் நடக்கும் சூதாட்டத்தில் வந்த சீட்டே எல்லாம். பிரிட்ஜ் போட்டிகளில் அப்படியில்லை. ஒரு மேசையில் பங்கிட்ட அதே சீட்டுகளை, அதே பங்கீட்டில் அடுத்த மேசைக்கும் கொண்டு போவார்கள். "எனக்கு நல்ல சீட்டு வரவில்லை" என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. ஒரே சீட்டை வைத்துக்கொண்டு யார் நன்றாக யோசித்தார் என்பதே கேள்வி. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜும் இடம் பெற்றது. ஆடவர் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றவர்கள் இந்தியாவின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். முதல்வருக்கு அப்போது வயது 60, மற்றவருக்கு 56.

சரி, பாடத்துக்கு வருவோம். இன்றைய பாடம், நான் செய்த ஒரு தவறு.

எனக்கு பிரிட்ஜ் கற்றுக் கொடுத்தவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியார். அவர் ஓய்வு பெற்றுத் தோட்டத்தை விட்டுப் போக ஒரு வாரமே இருந்தபோது, பட்டணத்து மன்றம் ஒன்றில் போட்டி வைத்தார்கள். இருவரும் ஜோடியாகச் சேர்ந்தோம். அவர் என்னுடன் ஆடும் கடைசி ஆட்டம் அது. கடைசிப் பங்கீடு வரையில் நாங்களே முன்னணியில் இருந்தோம்.

அந்தப் பங்கீட்டில் இஸ்பேட் துருப்பு. மொத்தம் 13 பிடிகளில் 10 பிடி எடுப்பதாக ஏலம் எடுத்தவன் நான். அதாவது மூன்று பிடி மட்டுமே விடலாம். வீட்டில் சீட்டுக்கட்டு இருந்தால் எடுத்துப் பரப்பிக்கொள்ளுங்கள்.

என் கை: இஸ்பேட்டில் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 7. ஆட்டினில் ஆஸ், ராஜா, 6, 4, 2. டைமனில் 8, 5. கிளாவரில் 9 மட்டும்.

மேசைமேல் விரித்து வைத்த கிராணியாரின் கை: இஸ்பேட்டில் ஆஸ், 9, 4. ஆட்டினில் 7, 3. டைமனில் ஜாக்கி, 9, 6, 2. கிளாவரில் ஜாக்கி, 8, 6, 4.

இடப்பக்கத்தவர் கிளாவர் ராஜாவை இறக்கி ஒரு பிடி எடுத்தார். அடுத்து கிளாவர் ஆஸை இறக்க, நான் இஸ்பேட் 7ஆல் வெட்டினேன். இனி ஆட்டம் என் கையில்.

நான் என்ன செய்தேன்? எதிராளிகளின் துருப்பை முதலில் வாங்கிவிட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். யோசிக்காமல் மூன்று முறை துருப்பை இறக்கினேன். எதிராளிகளிடம் இருந்த ஐந்து துருப்பும் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருந்ததால் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் கிராணியார் கையிலிருந்த மூன்று துருப்பும் அவற்றோடு போய்விட்டன! பிறகு ஆட்டின் ஆஸும் ராஜாவும் இறக்கினேன். மூன்றாவது ஆட்டினுக்கு வெட்ட மேசையில் துருப்பு இல்லை. பிடி எதிராளிக்குப் போனது. அவர் கிளாவர் இறக்கி என் கடைசித் துருப்பையும் பிடுங்கினார். அதன் பிறகு எனக்கு ஒரு பிடிகூட வரவில்லை. கிடைத்தது 7 பிடி. மூன்று குறைவு.

அடுத்த மேசையில் அதே சீட்டில் ஓர் இளம் ஆசிரியை 10 பிடி எடுத்திருந்தார். வெற்றியும் அவர்களுக்கே.

அவர் எப்படி எடுத்தார்? முதலில் நஷ்டத்தை எண்ணினார். கிளாவரில் ஒன்று, டைமனில் இரண்டு. இந்த மூன்றும் தப்பாது. ஆகவே ஆட்டினில் ஒன்றுகூட விடக்கூடாது. ஆட்டினில் ஆஸ், ராஜா போக மூன்று சிறிய சீட்டுகள் உள்ளன. எதிராளிகளிடம் ஆறு ஆட்டின். அவை மூன்றும் மூன்றுமாகப் பிரிவது 100க்கு ஏறக்குறைய 36 முறைதான். நான்கும் இரண்டுமாகப் பிரிவதோ 48 முறை. நான்கும் இரண்டும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சிறிய ஆட்டின்களை மேசையில் வெட்டியாக வேண்டும். அப்போது ஐந்தாவது ஆட்டின் பிடியாகும். மேசையில் உள்ள துருப்பு மூன்றே. அவற்றை வீணாக்கலாமா?

இரண்டு நீண்ட இனங்கள் கையில் இருந்தால் ஒன்று துருப்பு, மற்றது வேலை செய்ய வேண்டிய இனம். வேலை முடியும் முன் துருப்பை வாங்கினால், வேலைக்காரனை அனுப்பிவிட்டு வேலையைத் தேடுவது போலாகும்.

அவர் ஆடிய வரிசை இது. ஆட்டின் ஆஸ், ராஜா இறக்கினார். மூன்றாவது ஆட்டினை மேசையில் 4ஆல் அல்ல, 9ஆல் வெட்டினார். எதிராளிகளிடம் உள்ள பெரிய துருப்பு 8தானே? அதன் மேல் அவர்களால் வெட்ட முடியாது. பிறகு மேசையிலிருந்து இஸ்பேட் 4 இறக்கி, கையில் 10ஆல் பிடித்தார். நான்காவது ஆட்டினை ஆஸால் வெட்டினார். ஐந்தாவது ஆட்டின் இப்போது பெரிய சீட்டு. மேசையிலிருந்து கிளாவர் இறக்கிக் கையில் ஜாக்கியால் வெட்டினார். கடைசியாக ராஜா, ராணியால் மிச்சத் துருப்பை வாங்கி, ஆட்டினை வைத்தார். இரண்டு டைமன் மட்டும் எதிராளிக்கு. எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்து.

அன்றிரவு பஸ்ஸில் கிராணியார் என்னைத் திட்டவில்லை. வெகுநேரம் பேசாமல் வந்தார். அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. தோட்டத்துச் சாலை வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "வாத்தியாரே, கேள்வியை முழுக்க வாசிக்காமல் விடை எழுதுகிற பையனை நீங்கள் என்ன செய்வீர்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. மறுவாரம் அவர் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கோப்பையை அவருக்கு வாங்கிக் கொடுக்க எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கவில்லை. அன்று முதல், மேசையில் சீட்டு விரிந்ததும் ஒரு சீட்டையும் தொடாமல் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வேன். எத்தனை பிடி வேண்டும், எத்தனை போகும், எதை முதலில் செய்வது என்று மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்ட பிறகே கையை எடுப்பேன்.

கடிதம் எழுதிய தாய்க்கு ஒன்று சொல்வேன். சம்பளக் கவரைப் பிரிக்கும்போதும் இந்த மூன்று கேள்விகள் உதவும். கடைக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, எது முதலில் என்று வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்தே எண்ணுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இந்த மாதப் பயிற்சி: இதே சீட்டில் இடப்பக்கத்தவர் கிளாவருக்குப் பதிலாக முதலிலேயே துருப்பை இறக்கியிருந்தால், அந்த ஆசிரியைக்கு மேசையில் எத்தனை வெட்டு கிடைத்திருக்கும்? ஆடிப் பார்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் விடையுடன் சந்திப்போம்.

வணக்கம்.