கடையில் தங்கிய 380 வெள்ளி

கடைக்காரர் ரொக்கமாகத் திருப்பித் தந்தால் அது பணம். அதே தொகையை ‘ஸ்டோர் கிரெடிட்’ என்று சீட்டில் அச்சடித்துத் தந்தால், ஏதோ அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. இரண்டு வாரமாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் விவாதமே இதுதான்.

விஷயம் சின்னது. அக்கா மகள் இந்த ஆண்டு உயர்நிலை ஒன்றுக்குப் போனாள். ஆண்டிறுதித் தள்ளுபடியில் அவளுக்காக அக்கா ஒரு டேப்லெட் வாங்கி வைத்திருந்தார். ஆனால் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் பள்ளி மூலமாகவே கற்றல் சாதனம் ஒன்று கிடைக்கும். எடுசேவ் கணக்கிலிருந்தே அதற்குக் கட்டலாம். வீட்டுக்கு இரண்டு எதற்கு? பிரிக்காத பெட்டியோடு கடைக்குப் போனார். “ரொக்கம் தரமுடியாது, 380 வெள்ளி கிரெடிட் தருகிறோம், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளுங்கள்” என்றார்கள். அடுத்த மாதம் கெடு முடிகிறது.

“அதெப்படி ரொக்கம் தரமாட்டார்கள்?” என்று குழுவில் முதலில் கொதித்தவர் சித்தப்பா. சட்டப்படி கடை செய்தது சரிதான். பொருளில் குறை இருந்தால் கதை வேறு. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன் சட்டம்’ இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரவேண்டும், அல்லது மாற்றித் தரவேண்டும். அது முடியாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அங்கே “கிரெடிட்தான் தருவோம்” என்றால் தலையாட்டிவிட்டு வரவேண்டியதில்லை. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். ஆனால் நல்ல பொருளை “வேண்டாம்” என்று நாமே திருப்பிக் கொடுத்தால், கடை தருவது அதன் சொந்த விதிமுறைப்படி.

சரி, 380 வெள்ளிக்கு என்ன வாங்குவது?

அத்தான் ஸ்மார்ட் கடிகாரம் என்றார். மருமகன், அதாவது அக்காவின் கடைக்குட்டி, கையடக்க கேம் கருவி என்றான். நான் மின்புத்தகக் கருவி என்றேன். ஆளாளுக்கு இணைப்பு அனுப்பினோம். ஒருவரும் அக்காவிடம் கேட்கவில்லை. அந்த 380 வெள்ளி, அக்கா மருத்துவமனையில் கூடுதலாகச் செய்த இரவு வேலைகளின் சம்பளம். டேப்லெட்டுக்காக நவம்பரில் அவர் நான்கு இரவுகள் அதிகமாக நின்றது எனக்குத் தெரியும். கிரெடிட்டாக மாறியதும் அது ‘வீட்டுப் பணம்’ ஆகிவிட்டது!

இப்படி ஒரே பணத்துக்கு நாம் தனித்தனிப் பெட்டி கட்டிவைப்பதைப் பற்றி எழுதியவர் ரிச்சர்ட் தேலர். 2017ல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர். அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘மனக்கணக்கு’ எனலாம். நம் ஊர் மனக்கணக்கு வாய்ப்பாடு சம்பந்தப்பட்டது, இது அப்படியில்லை. சம்பளப் பணத்தில் 380 வெள்ளிக்குக் கடிகாரம் வாங்க நான்கு முறை யோசிக்கும் ஆள், கிரெடிட் என்றால் ஒருமுறைகூட யோசிப்பதில்லை. அதனால் நான் குழுவில் ஒரே ஒரு கேள்வி போட்டேன்: இது ரொக்கமாகக் கையில் இருந்தால், அக்கா இதை வாங்குவாரா?

கடிகாரம் அங்கேயே விழுந்தது. அக்காவின் வார்டில் கிருமித்தொற்று விதிப்படி முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது. பன்னிரண்டு மணி நேர வேலையில் லாக்கரில் கிடக்கும் கடிகாரம் யாருடைய இதயத்துடிப்பை எண்ணும்? நடந்த தூரம் தெரிய வேண்டுமென்றால் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே போதும்.

கேம் கருவியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். 380 வெள்ளியில் முடியாது. மேலே கொஞ்சம் போடவேண்டும், பிறகு ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாகப் போடவேண்டும். கிரெடிட் கொடுக்கும் கடைக்கு இதைவிட இனிப்பான செய்தி இல்லை. மருமகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் கட்சியும் தோற்றது. மின்புத்தகக் கருவியின் திரை கைப்பேசிபோல் கண்ணைக் கூசவைக்காது, ஒருமுறை மின்னூட்டினால் வாரக்கணக்கில் வரும். கிண்டிலில் 2016 முதல் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. ஆனால் தேசிய நூலக வாரியத்தின் தமிழ் மின்னூல்களை அக்கா ஏற்கெனவே கைப்பேசிச் செயலியில் இலவசமாகத்தான் படிக்கிறார். “படிக்கிறேன் எங்கே, ரெண்டு பக்கத்துல தூங்கிடறேன்டா தம்பி” என்றார். சரி.

பவர் பேங்க் வாங்கலாம் என்று சித்தி சொன்னார். அதற்கு இவ்வளவு கிரெடிட் தேவையில்லை. ஆனாலும் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்தின் கணக்கு. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது 14,800ஐத் தாண்டாது. வழியில் வெப்பமாகப் போவது தனி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் முடியாது. கைப்பையில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கடைசியில் அக்காவே வாய் திறந்தார். அவர் பகுதிநேரமாக மேற்படிப்பு படிக்கிறார். விரிவுரைகளின் ஒலிப்பதிவைப் போக வர ரயிலில் கேட்கிறார். பழைய இயர்போனில், ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஒலியை உச்சத்துக்கு ஏற்றினால்தான் கேட்கிறதாம். “வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் காதுல ‘ங்ங்’னு கேக்குது” என்றார், சாதாரணமாக.

எனக்குப் பகீரென்றது. காதை வைத்துப் பிழைப்பவன் நான். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு வெறும் 5 மணி. தினமும் இரண்டு மணி நேரம் உச்ச ஒலியில் கேட்பவரின் கணக்கு புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடலாம். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது.

ஆக, இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன். வெளிச்சத்தத்தை ஒரு மைக் கேட்டு, அதற்கு நேர்தலைகீழான அலையை உள்ளே உருவாக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒலிக்கூடத்தில் இரண்டு மைக்குகளில் ஒன்றின் இணைப்பு தலைகீழாக இருந்தால் குரல் மெலிந்து காணாமல் போவதும் இதே காரணத்தால்தான். ரயிலின் உறுமல், பேருந்து இயந்திரம், குளிரூட்டி போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த சத்தங்களை இது நன்றாக விழுங்கும். பின்னணி அடங்கினால் ஒலியைக் கூட்டவேண்டிய அவசியம் இல்லை; லாபம் அங்கேதான். பக்கத்து இருக்கைப் பேச்சு ஓரளவுக்குத்தான் குறையும். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும்போது மேல்மாடியில் சுவர் உடைக்கும் சத்தம் நிற்குமா என்று அக்கா கேட்டார். நிற்காது. அதற்குச் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பஞ்சுக் காதடைப்பான் மேல்.

காதுக்குள் சொருகும் குட்டி ரகமா, காதை மூடும் பெரிய ரகமா? சின்னது பார்க்க அழகு. ஆனால் அதன் மின்கலம் கடுகளவு. இரண்டு மூன்று ஆண்டில் சோர்ந்துவிடும், பெரும்பாலும் மாற்ற முடியாது. ஒன்று ரயில் கதவிடுக்கில் விழுந்தால் ஜோடி போச்சு. பெரியதில் காது மெத்தையைத் தனியாக வாங்கி மாற்றலாம். கம்பி சொருகும் துளை உள்ள ரகமாக இருந்தால், மின்னூட்டம் தீர்ந்தாலும் பாட்டு நிற்காது. நம் ஊர் வெயிலில் காது வியர்க்கும், உண்மை. ரயிலிலும் பேருந்திலும் குளிரூட்டி இருப்பதால் அக்காவுக்கு அது பிரச்சினை இல்லை. நான் பெரியதற்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

கடைக்குப் போகும்முன் தொலைபேசியில் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். தள்ளுபடி விலைக்கும் கிரெடிட் செல்லுமா? வாங்கியதில் கோளாறு வந்து பணம் திரும்பினால், அது புதிய கெடுவோடு வருமா, பழைய கெடுவோடா? கெடு தள்ளிப்போட முடியும் என்றாலும் தள்ளவேண்டாம் என்றேன். கடை திவாலானால் கிரெடிட் சீட்டு வைத்திருப்பவர் பிணையில்லாக் கடன்காரர்களின் வரிசையில் நிற்கவேண்டும். அந்த வரிசை சீக்கிரம் நகராது.

சனிக்கிழமை காலை அக்காவும் நானும் போகிறோம். கடையில் மாதிரிக்கு ஒலிக்கவிடும் பாட்டு எந்த ஹெட்ஃபோனிலும் நன்றாகத்தான் கேட்கும். அதனால் அக்கா தன் விரிவுரைப் பதிவையே கைப்பேசியில் எடுத்துவருகிறார், அதிலும் சளி பிடித்த குரலில் பேசும் அந்த விரிவுரையாளருடையதை. அத்தானும் வருகிறாராம். கடிகாரங்கள் எந்த மாடி என்று இன்று காலைகூடக் குழுவில் கேட்டிருக்கிறார்.