டைலருக்கு ஸ்டாப்வாட்ச், சூப்பர்வைசருக்கு?

திருப்பூரின் பெரிய பனியன் கம்பெனிகளில் தையல் லைனுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு தொங்கும். டார்கெட் எத்தனை பீஸ், முடிந்தது எத்தனை என்று மணிக்கு மணி எழுதுவார்கள். ஒரு பீஸுக்கு எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச் பிடிக்கத் தனி ஆள் உண்டு.

சரி, அதே லைனில் சூப்பர்வைசர் இன்று எத்தனை முறை கெட்ட வார்த்தை சொன்னார்? பாத்ரூம் போகக் கேட்ட பெண்ணை எத்தனை நிமிடம் காக்க வைத்தார்? அதற்குப் போர்டு இல்லை. கேட்டால், "அதையெல்லாம் எப்படிங்க அளக்கிறது?" என்பார்கள்.

தாராளமாக அளக்கலாம். நடத்தை மாற்றப் பயிற்சியின் அரிச்சுவடியே அதுதான். "மரியாதை இல்லாமல் நடக்கிறார்" என்பது வெறும் அபிப்பிராயம். கண்ணால் பார்க்க, காதால் கேட்க முடிகிற செயலாக அதை வரையறுக்க வேண்டும். எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு தாமதம் என்று குறிக்க வேண்டும். பயிற்சிக்கு முன்பே குறிக்கத் தொடங்கினால்தான் பிறகு ஏதாவது மாறியதா என்று தெரியும். இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டால் ஒருவரின் சாய்வும் பிடிபடும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு நாள் வகுப்பு, டீ, பிஸ்கட், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து என்று முடித்தால் என்ன பயன்? அங்கே எண்ணப்பட்டது தலைகள் மட்டுமே. புகார்ப் பெட்டி காலியாக இருப்பதைக் காட்டிப் பெருமைப்படுவது இன்னும் மோசம். பயந்தவர் எழுதமாட்டார். 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஆண்டறிக்கையில் புகார் எண்ணிக்கையைக் கேட்கிறது. அங்கே பூஜ்யம் என்று எழுதினால், அது பயத்தின் அளவாகவும் இருக்கலாமே!

திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸைச் சேர்ந்தது திண்டுக்கல் மாவட்டத்து நாச்சி அப்பேரல் ஆலை. 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன.

185 புகார் என்றதும் ஆலை கெட்டுவிட்டது என்று நினைப்பவர் உண்டு. அதுவரை வாய்க்குள்ளேயே இருந்தது அப்போதுதான் பேப்பருக்கு வந்தது. அந்த எண் தெரிந்த பிறகுதான் அடுத்த ஆண்டு குறைந்ததா என்று கேட்கவே முடியும்.

இதற்குப் புது மெஷின் எதுவும் இறக்குமதி செய்ய வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் அது சூப்பர்வைசரின் மேஜையில் இருக்கக் கூடாது, தொழிலாளிகளின் கையில் இருக்க வேண்டும். கம்பெனிகள் தயங்குவது நோட்டின் விலைக்காக இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.