கவசத்தைக் கழற்றுவதா, ஓட்டத்தை நிறுத்துவதா?

2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் இந்தியாவும் இலங்கையும் டெஸ்ட் போட்டியில் மோதின. இரண்டாம் நாள் உணவு இடைவேளைக்குப் பின் இலங்கை வீரர்கள் பலர் முகக்கவசம் அணிந்து களம் இறங்கினர். புகைமூட்டத்தால் ஆட்டம் பலமுறை தடைப்பட்டது. பந்துவீச்சாளர் இருவர் களத்தை விட்டு வெளியேறினர். வீரர்கள் மிகைப்படுத்துவதாகச் சிலர் குறை கூறினர். அன்று எழுந்த வினா, வட இந்திய நகரங்களில் படிக்கும் நமக்கும் குளிர்காலந்தோறும் எழுகிறது. முகக்கவசம் அணிந்து ஓடலாமா?

முகக்கவசம் ஆக்சிஜனைத் தடுத்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. கவசத்தில் உள்ள இடைவெளிகளைவிட ஆக்சிஜன் மூலக்கூறு மிக மிகச் சிறியது. எளிதில் உள்ளே நுழைந்துவிடும். அறுவை மருத்துவர்கள் பல மணி நேரம் முகக்கவசத்துடனேயே பணியாற்றுகின்றனர். அமர்ந்திருக்கும்போதும் மெல்ல நடக்கும்போதும் உடல்நலம் உள்ளவர்க்கு அதனால் தீங்கில்லை.

ஆயினும், ஓடும்போது நிலைமை மாறுகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். விரைந்து ஓடும்போது அது பத்து மடங்காகவும் உயரலாம். அவ்வளவு காற்றும் அதே கவசத்தின் வழியாகவே சென்று வர வேண்டும். ஆகவே மூச்சுத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. வியர்வையாலும் மூச்சின் ஈரத்தாலும் கவசம் நனைந்து முகத்தில் ஒட்டிக்கொள்கிறது, வெப்பமும் கூடுகிறது. மூச்சு முட்டுவதுபோல் தோன்றுகிறது. ஓடுபவர் விரைவில் களைத்துப்போகிறார். கொரோனாக் காலத்தில், 2020ஆம் ஆண்டு, உலக சுகாதார நிறுவனமும் உடற்பயிற்சியின்போது முகக்கவசம் அணிய வேண்டாம் என்றே அறிவுறுத்தியது.

அவ்வாறாயின், கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடலாமே என்பீர்கள். தூய காற்றில் அது சரியே. புகைமூட்டத்தில் அது பெருந்தவறு. பத்து மடங்கு காற்றை இழுப்பவன் பத்து மடங்கு மாசையும் இழுக்கிறான். காற்றில் மிதக்கும் 2.5 மைக்ரோமீட்டரும் அதனினும் சிறியனவுமான துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. சாதாரணத் துணிக்கவசம் அவற்றைப் போதிய அளவு தடுப்பதில்லை. தடுக்கவல்ல என்95 கவசத்தை முகத்தோடு இறுக்கமாக அணிந்தாலோ, ஓடுவது கடினம்.

ஆகவே, கவசம் அணிந்தும் ஓட இயலாது. அணியாமலும் ஓடக் கூடாது. அத்தகைய நாளில் நிறுத்த வேண்டியது ஓட்டத்தையே என்பது என் கருத்து. பயிற்சி தடைப்பட்டால் திறமை மங்கும் என்று சிலர் வாதிடுவர். சில நாள் இழந்த பயிற்சியைப் பின்னர் ஈடுசெய்யலாம். வளரும் நுரையீரலுக்கு நேரும் கேட்டை ஈடுசெய்வது எளிதன்று. பதக்கத்தைவிட மூச்சு பெரிது.

காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டினால் அது 'கடுமை' எனப்படும் நிலை. அந்த எண்ணிக்கை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. குறியீடு 200ஐக் கடந்து 'மோசம்' என்னும் நிலையை எட்டும்போதே ஓட்டப் பயிற்சியைத் தவிர்ப்பது நலம். ஆஸ்துமா உள்ள மாணவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படி இன்னும் முன்னதாகவே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டு விளையாட்டு விழாவை நவம்பர், டிசம்பர் மாதங்களில் வைப்பதற்கு மாறாக, மழை கழுவிய காற்றுள்ள செப்டம்பரில் வைக்கலாம். புகை சூழ்ந்த நாள்களில் அறைக்குள் சதுரங்கமும் கேரமும் ஆடலாம்.

மாணவர்களே! நாளைக் காலை மைதானத்திற்குப் புறப்படும் முன் அன்றைய குறியீட்டைப் பாருங்கள். எண் மிகுதியாக இருந்தால், "ஐயா, இன்று ஓட வேண்டாமே" என்று ஆசிரியரிடம் பணிவுடன் சொல்லுங்கள். அது சோம்பலன்று, அறிவுடைமை.