இதுவும் ஒரு திணை வழுவே

சித்திரைத் திருவிழா நாட்களில் அழகர்கோவில் பஸ்ஸில் போனவர்களுக்கு நெரிசல் என்றால் என்னவென்று தெரியும். அப்படியொரு நெரிசலில், ஊன்றுகோலுடன் ஒருவர் ஏற முயன்றார். "நொண்டி வருது, வழி விடுங்கப்பா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். தம் இடத்தைக் கொடுக்க எழுந்தவரின் குரல்தான் அது!

அவர் மனம் நல்லது. சொல்லைத்தான் சற்று ஆராய வேண்டும். "வர்றாரு" என்று சொல்லவில்லை, "வருது" என்றார். உயர்திணையை அஃறிணையாகச் சொல்வது திணை வழு என்று உங்கள் தமிழாசிரியர் கற்பித்திருப்பார் அல்லவா? செவிடு, குருடு, நொண்டி, ஊமை ஆகிய சொற்கள் வாயில் வந்ததும், பின்னால் வரும் வினையும் எவ்வளவு எளிதாக அஃறிணையாகிவிடுகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

இயற்பியல் ஆசிரியனான எனக்கு இன்னொரு குறையும் தெரிகிறது. இவை அளவே இல்லாத சொற்கள். "செவிடு" என்றால் எவ்வளவு? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சொலி அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு உள்ளவரை ஒரு வகையாகவும், 70 டெசிபல் இழப்பு உள்ளவரை இன்னொரு வகையாகவும் பிரிக்கிறது. பத்து டெசிபல்தானே என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலிச் செறிவு 10 மடங்காகும். 60 டெசிபல் இழந்தவருக்கு ஓர் ஒலி கேட்கத் தொடங்க, வழக்கமானதைப்போல் 10 லட்சம் மடங்கு செறிவு வேண்டும். 70 என்றால் ஒரு கோடி மடங்கு. காதுக் கருவியுடன் பேசுபவரையும், சைகை மொழியிலேயே வளர்ந்தவரையும் ஒரே சொல்லில் அடைப்பது என்ன கணக்கு?

2010-இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழக அரசு "ஊனமுற்றோர்" என்பதை விட்டு "மாற்றுத்திறனாளிகள்" என வழங்கத் தொடங்கியது. ஊனம் என்றாலே குறை. ஆகவே புதிய சொல் மேல். (உங்கள் பாடநூலில் வாட்டால் அளக்கும் திறன் வேறு, இது வேறு!) ஆனால், ஒன்று இல்லையென்றால் மாற்றாக வேறொரு தனித்திறமை இருந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் பிசகு. பார்வையற்ற மாணவன் பாடகனாகத்தான் ஆக வேண்டுமா? எல்லாரையும்போல் சுமாராக இருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. 2015-இல் பிரதமர் மோடி முன்வைத்த "திவ்யாங்" என்ற சொல்லைப் பலர் விரும்பாததும் இதனால்தான். தெய்வீக உறுப்பை அவர்கள் கேட்கவில்லை.

சட்டத்துக்கும் அறிவிப்புப் பலகைக்கும் "மாற்றுத்திறனாளி" சரி. எதிரில் நிற்பவருக்கோ பெயர் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டால், மதுரைப் பக்கத்தில் முறைசொல்லுக்கா பஞ்சம்? "அண்ணன் வர்றாரு, வழி விடுங்கப்பா" என்றிருக்கலாம்.

அன்று அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார். அழகர்கோவில் வரும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.