மூன்று விகலை

சென்ற இதழில் வீசையையும் மரக்காலையும் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பரொருவர் சங்க வாசலில் என்னை நிறுத்தி, "அதெல்லாம் இருக்கட்டும் சார், ஒரு மீட்டர் என்றால் இவ்வளவு நீளம் என்று யார், எதை வைத்து முடிவு கட்டினார்கள்?" என்று வினவினார். சற்றே நீண்ட கதை அது. அதில் ஒரு மனிதரின் துயரமும் கலந்திருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் அந்நாட்டில் ஊருக்கு ஊர் கோலும் படியும் மாறுபட்டன. எந்த மன்னனின் கைகால்களுக்கும் கட்டுப்படாத அளவு வேண்டுமென்று கருதிய அறிஞர்கள், வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தைக் கோடி பாகமாக்கி, அதில் ஒன்றை மீட்டர் என்று கொள்ளத் தீர்மானித்தனர். அத்தூரம் முழுவதையும் அளப்பது ஆகிற காரியமா? ஆகவே டன்கர்க் முதல் பார்சிலோனா வரை மட்டும் முக்கோண முறையில் அளந்து, இரு முனைகளின் அட்சரேகையையும் விண்மீன்களைக் கொண்டு கணித்து, மீதியைக் கணக்கால் பெறுவது என்று ஏற்பாடாயிற்று. 1792-ல் வடபகுதிக்குத் தெலாம்பரும் தென்பகுதிக்கு மெஷேனும் புறப்பட்டனர்.

மெஷேன் நுணுக்கத்தில் நிகரற்றவர். அக்குளிர்காலத்தில் பார்சிலோனாவின் மோன்ட்ஜுயிக் குன்றிலிருந்து விண்மீன்களை இரவிரவாகப் பார்த்துப் பார்த்துக் குறித்தார். பிறகு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. கோட்டைக்குள் மீண்டும் செல்ல வழியில்லை. அடுத்த குளிர்காலத்தில் நகரிலுள்ள ஒரு விடுதியிலிருந்தே அதே கணிப்பைச் செய்து பார்த்தார். இரண்டு இடங்களுக்கும் இடையேயுள்ள தூரம் அவருக்குத் தெரியும். கழித்துப் பார்த்தால் விடைகள் ஒத்துவர வேண்டும். ஒத்துவரவில்லை. மூன்று விகலைக்குச் சற்று மேலான வேறுபாடு. பாகையை அறுபதாக்கினால் கலை. கலையை அறுபதாக்கினால் விகலை. பூமியின் மேல் மூன்று விகலை என்பது ஏறத்தாழ நூறு மீட்டர்.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பேடுகளைக் கொடுக்காமல் தள்ளிப்போட்டார். இறுதியில் குன்றில் கிடைத்த விடையை மட்டும் சுருக்கமாகச் சமர்ப்பித்தார். அறிஞர் குழு மெச்சி ஏற்றுக்கொண்டது. 1799-ல் பிளாட்டினத்தால் மீட்டர் கோல் செய்து ஆவணக் காப்பகத்தில் வைத்தனர். உலகம் பாராட்டியது, அவர் உள்ளம் மட்டும் ஆறவில்லை. அளவையை இன்னும் தெற்கே நீட்டினால் பார்சிலோனாவின் தேவையே இராது என்றெண்ணி, 1803-ல் மறுபடியும் ஸ்பெயினுக்குச் சென்றார். அங்கேயே காய்ச்சல் கண்டு 1804-ல் இறந்தார்.

அவருடைய தாள்கள் தெலாம்பர் கைக்கு வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. சில இடங்களில் எண்கள் திருத்தப்பட்டிருந்தன. தெலாம்பர் அவ்வேறுபாட்டைத் தம் நூலில் வெளியிட்டு, தாள்களைப் பாரிஸ் வானாய்வு நிலையத்தில் வைத்துவிட்டார். நண்பரைக் காட்டிக்கொடுத்தாரென்று நான் கருதவில்லை. பதிவேட்டில் இரண்டு ரூபாய் இடித்தபோது, எந்தப் பத்தியில் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு மாலைப் பொழுது முழுவதும் யோசித்தவன் நான். மறுநாள் அதை மேலதிகாரியிடம் சொல்வதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. மெஷேனைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை.

நிற்க. அவர் செய்த பிழைதான் என்ன? 1828-ல் நிக்கோலே என்ற வானியலார், உச்சிக்கு வடக்கே செல்லும் விண்மீன்களையும் தெற்கே செல்லும் விண்மீன்களையும் தனித்தனியே வைத்துக் கணக்கிட்டார். வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. குற்றம் கருவியினுடையது. தராசு எப்போதும் அரைக் கிலோ கூட்டியே காட்டுமானால், நூறு முறை நிறுத்தாலும் ஒரே விடைதான் வரும். அது மெய்யான எடையாகிவிடாது. திரும்பத் திரும்ப ஒரே விடை கிடைப்பது வேறு, விடை உண்மையோடு ஒட்டியிருப்பது வேறு என்ற பாகுபாடு மெஷேனின் காலத்தில் இன்னும் தெளிவுபடவில்லை.

மீட்டர் கோலோ உண்மையிலேயே சுமார் 0.2 மில்லிமீட்டர் குறைந்துதான் அமைந்தது. ஆனால் அதற்கு முதற்காரணம் மெஷேன் அல்லர். பூமி துருவங்களில் 334-ல் ஒரு பங்கு தட்டை என்று குழுவினர் கொண்டனர். உண்மை சுமார் 298-ல் ஒரு பங்கு. அந்தக் குறையை எவரும் பின்னர் நிரப்பவில்லை. பூமியை விட்டுவிட்டுக் கோலையே அளவாக வைத்துக்கொண்டனர். 1983-ல் ஒளியைக் கொண்டு மீட்டரை வரையறுத்தபோதும் பழைய நீளம் மாறாதவாறே எண்ணைத் தேர்ந்தனர். ஒளியின் வேகம் நொடிக்கு முப்பது கோடி மீட்டர் என்று உருண்டையாக இல்லாமல் 29,97,92,458 என்று நிற்பது அதனால்தான்.

இந்தியாவில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-ல். இருப்புப் பாதைக்கோ அந்த அளவு 1870-லேயே, மேயோ பிரபுவின் ஆட்சியில் வந்துவிட்டது. எழும்பூரிலிருந்து தெற்கே சென்ற வண்டிகளில் நம் பெரியோர் பெட்டி படுக்கையுடன் ஏறி இறங்கிய அந்தச் சிறிய பாதைக்கு 'மீட்டர் கேஜ்' என்றே பெயர். தண்டவாளங்களுக்கு இடையே சரியாக 1000 மில்லிமீட்டர். பார்சிலோனாவில் மெஷேன் உறங்காமல் கணக்கிட்ட அதே மீட்டர்தான்.