மேகம் இல்லாமலா மின்னல்?

விதி! எழுத்து இரண்டே. அந்த இரண்டெழுத்தின் அடியில் எத்தனை தாய்மார்களைப் புதைத்துவிட்டுக் கைகழுவி வீடு திரும்பியிருக்கிறோம் நாம்!

என் வகுப்பிலே ஒரு சிறுமி. பதினைந்து நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று காரணம் கேட்டேன். "அம்மா செத்துப்போயிட்டாங்க டீச்சர். தலைவிதின்னு தாத்தா சொன்னாரு" என்றாள்.

அன்று மாலை அந்த வீட்டுக்குச் சென்றேன். அவள் தாயின் கர்ப்பகால அட்டையை எடுத்துக் காட்டினார்கள். எட்டாம் மாதக் கட்டத்திலே, கிராம சுகாதார செவிலியர் சிவப்பு மையால் எழுதி வட்டமிட்டிருந்தார்: இரத்த அழுத்தம் 150/100, சிறுநீரில் புரதம். கீழே, 'உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்க' என்ற வரி. அதன் கீழ் இரண்டு கோடு.

அன்று அட்டமியாம். மறுநாள் நவமியாம். "தசமியன்று புறப்படலாம்" என்று பஞ்சாங்கம் புரட்டினார் பெரியவர். நவமி இரவு வலிப்பு வந்தது. அப்போதாவது வண்டியை அழைத்தார்களா? இல்லை. 'காற்றுக் கருப்பு' என்று சொல்லி, மந்திரிப்பவரை அழைத்துவர ஆள் அனுப்பினார்கள்! பொழுது புலர்ந்த பிறகே மருத்துவமனை. குழந்தை பிழைத்தது. தாய், குறித்த நாள் தவறாமல், தசமியன்று புறப்பட்டாள், சுடுகாட்டுக்கு!

இதுவா விதி? சிவப்பு மையால் எழுதிக் கையில் கொடுக்கப்பட்ட விதியும் உலகில் உண்டா, தோழர்களே?

கருவுற்ற பெண்ணைத் தாக்கும் இந்த வலிப்புக்கு மேனாட்டார் இட்ட பெயர் எக்லாம்ப்சியா. திடீரென ஒளி பாய்வது என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. முன்னறிவிப்பின்றி மின்னலாய் வந்து விழுகிறது என்று அன்று எண்ணினார்கள். எண்ணியதில் குற்றமில்லை, அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, கையிலே பட்டை கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். மின்னலுக்கு முன் மேகம் திரள்வது தெரியலாயிற்று. கருவுற்று இருபது வாரம் கடந்தபின் அழுத்தம் 140/90 எட்டினால், அது மேகம். 160/110 எட்டினால், இடி தலைக்குமேல் நிற்கிறது. பெரும்பாலும் இந்த வலிப்பு சொல்லிவிட்டுத்தான் வருகிறது. கேட்பதற்குத்தான் காதில்லை!

மருந்து இல்லையா? இருக்கிறது. மெக்னீசியம் சல்பேட் என்ற எளிய உப்பு, வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பதை, 33 நாடுகளில் பதினாயிரம் பெண்களிடையே நடந்த ஆய்வு 2002-இல் மெய்ப்பித்தது. மருந்து மருத்துவமனையிலே காத்திருக்கிறது. பெண் வீட்டிலே தசமிக்குக் காத்திருக்கிறாள்!

"எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்றாள், எந்த மருத்துவமனைக்குப் போனாள்?" என்று கேட்கும் பழமை விரும்பிகளுக்கு ஒரு சொல். பிழைத்தவள்தான் ஐயா பாட்டியானாள்! பேற்றிலே மாண்டவள் பாட்டியாகவில்லை. அவள் கதையைச் சொல்லப் பேரனும் இல்லை.

இன்னும் ஒரு கணக்கு. 2018 முதல் 2020 வரையிலான அரசுக் கணக்கின்படி, ஓர் இலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்க, அசாமிலே 195 தாய்மார் மாண்டனர், தமிழ்நாட்டிலே 54, கேரளத்திலே 19. விதி என்ன, மாநில எல்லைக்கல் பார்த்து நடைபோடுகிறதா? இல்லை! மருத்துவமனையும், சாலையும், பெண்கல்வியும் சென்ற இடத்திலே சாவு பின்வாங்குகிறது. 54 என்று நாம் பெருமைப்படவும் வேண்டாம். அந்த ஐம்பத்து நான்கில் ஒருத்தி என் மாணவியின் தாயைப் போன்றவள்.

ஆபத்து மிகுந்த கர்ப்பம் என்பது சாபமன்று, பெண்ணின் குற்றமுமன்று. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், கடும் இரத்தசோகை, இரட்டைக் கரு, முன்பு நடந்த அறுவைப்பேறு, முந்தைய பேற்றிலே வந்த வலிப்பு, மிக இளவயது, முப்பத்தைந்தைக் கடந்த வயது: இவற்றுள் ஒன்றிருந்தாலும் கூடுதல் விழிப்பு வேண்டும் என்பதே அதன் பொருள். விழிப்பிருந்தால் இவர்களில் மிகப் பலர் நலமாகப் பெற்று நலமாக வீடு திரும்புகிறார்கள்.

விழிப்பு என்றால் என்ன? கருவுற்றது தெரிந்ததும் பதிவு செய்வது. ஒவ்வொரு முறையும் அழுத்தம், இரத்தம், சிறுநீர், சர்க்கரை பார்ப்பது. அறுவை அரங்கும் குருதி வங்கியும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள மருத்துவமனையை முன்னரே தேர்ந்து வைப்பது. குருதி வகை அறிந்து, கொடுக்கக்கூடிய இருவரைச் சொல்லி வைப்பது. 108 வண்டிக்கு வழிகாட்ட ஒருவர், மூத்த குழந்தையைப் பார்க்க ஒருவர் என்று பொறுப்பைப் பிரிப்பது. ஓயாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்கல், மேல்வயிற்று வலி, குருதிப்போக்கு, நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல்: இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நொடியே நல்ல நேரம்! பிள்ளை பிறந்துவிட்டது என்று அயரவும் கூடாது. பேற்றுக்குப் பின்னும் சில வாரம்வரை வலிப்பு வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுவோம் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கே வேண்டும். உயிர் அவளுடையது, நாள் குறிப்பது மாமனாரா?

வளைகாப்பு நடத்துகிறோம். முழங்கைவரை வளையல் அடுக்குகிறோம். அந்தக் கையிலே அழுத்தம் பார்க்கும் பட்டை எத்தனை முறை கட்டப்பட்டது என்று கேட்டோமா?

பழமையை மட்டும் சாடி என்ன பயன்? மேடையிலே சோதிடத்தைக் கிழித்தெறியும் பகுத்தறிவுத் தோழனே, உன் வீட்டிலே உன் தாய் பஞ்சாங்கம் எடுக்கும்போது உன் நா ஏன் ஒட்டிக்கொள்கிறது? உன் தங்கையின் அட்டையை ஒருநாளாவது படித்தாயா? உன்னை மட்டும் கேட்கவில்லை. அந்தச் சிறுமியின் வீட்டு வாயிலைக் கடந்துதான் நாள்தோறும் நான் பள்ளிக்குச் சென்றேன். மன்றத்திலே மூடநம்பிக்கை ஒழிப்புப் பேசினேன். அந்தத் திண்ணையிலே ஒரு நாளும் பேசவில்லை. தாத்தா புரட்டிய பஞ்சாங்கத்தில் என் மௌனமும் ஓர் ஏடு.

ஆகவே, இன்று மாலையே தொடங்குவோம். நம் தெருவிலே கருவுற்ற பெண் உள்ள ஒவ்வொரு வீட்டின் படியையும் மிதிப்போம். அட்டையை அவர்களுடன் அமர்ந்து படிப்போம். அடுத்த சிவப்பு வட்டம் எந்தத் தசமிக்காகவும் காத்திருக்கலாகாது!